புற்று இரைப்பையில், ரத்தம் உறைந்தது காலில்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இரைப்பைப் புற்றுநோய்க்கு இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. போன வாரம் இடது கால் மட்டும் வீங்கியது. டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிட்டு, தொடை நரம்பில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். தினமும் இரண்டு வேளை வயிற்றில் ஊசி போடுகிறேன். வயிறெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போய், "போதும்டி, நிறுத்து" என்கிறார். புற்று வயிற்றில் இருக்கும்போது காலில் ஏன் இப்படி? ரத்தம் கெட்டியாகிவிட்டதா? மாமா இதயத்துக்கு மாத்திரைதானே சாப்பிடுகிறார், அம்மாவுக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாதா? இந்த ஊசி புற்று பரவுவதையும் தடுக்கும் என்று படித்தேன், உண்மையா? காலை எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

மருத்துவர் பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீவக் கூடாது. நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதன் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டி பிய்ந்து, ரத்தத்தோடு போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. "நல்லா உருவிவிட்டா வீக்கம் வடிஞ்சிடும்" என்று தைலத்தோடு யார் வந்தாலும் காலைத் தொட விடாதீர்கள்.

ரத்தம் கெட்டியாகவில்லை. இந்த எண்ணம் பரவியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து என்று நாங்களே சொல்லிப் பழக்கிவிட்டோம். குழம்பில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி அந்த ஊசி எதையும் நீர்க்க வைப்பதில்லை. உறைவதற்கான புரதங்கள் எல்லோர் ரத்தத்திலும் எந்நேரமும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் கிளப்பிவிட ஒன்று வேண்டும். அதன் பெயர் திசுக் காரணி. இது ரத்தக் குழாய்க்கு வெளியே உள்ள செல்களின் மேல் இருக்கும் புரதம். அரிவாள்மனையில் விரல் பட்டால் ரத்தம் வெளியே வந்து அதைத் தொடுகிறது, உறைகிறது, பிழைத்தோம். குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுக்கு ஒரு படலம் உண்டு, எண்டோதீலியம் என்று பெயர். நல்ல நிலையில் அந்தச் செல்களில் திசுக் காரணி கிடையாது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் த்ராம்போமாடுலின் போன்ற புரதங்கள்தான் அங்கே இருக்கும்.

புற்றுச் செல்கள் பலவற்றின் மேல் இந்தத் திசுக் காரணி அப்பிக் கிடக்கிறது. அதோடு நிற்காமல், அதைத் தாங்கிய நுண்துணுக்குகளை உதிர்த்து ரத்தத்தில் கலந்தும் விடுகின்றன. இரைப்பையில் உதிர்ந்தது உடம்பெல்லாம் சுற்றி வரும். எங்கே ஓட்டம் மந்தமோ அங்கே வேலையைக் காட்டும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். அந்தச் சிரைகளில் இருக்கும் வால்வுகளின் இடுக்கில் அது தேங்கும். கீமோ முடிந்து வாந்தியும் சோர்வுமாகப் படுத்தே கிடந்தால் இன்னும் தேங்கும்.

இதைவிடச் சுவாரசியமானது அந்தப் படலத்தின் கதை. 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபி என்பவரும் அவருடைய குழுவினரும், பிள்ளை பிறந்ததும் நாம் தூக்கி எறிகிற தொப்புள்கொடியின் சிரையிலிருந்து இந்தச் செல்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் அந்தச் செல்கள்தான். அவற்றின் மேல் இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் புரதத்தை விட்டால், சில மணி நேரத்தில் அவையே திசுக் காரணியைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை. புற்றுநோய் உள்ள உடம்பில் இப்படிப்பட்ட அழற்சிப் புரதங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இப்படி ரத்தம் உறைவதற்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1865லேயே பாரிஸில் பாடம் நடத்தியவர் அர்மான் ட்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர். இரண்டு வருடம் கழித்துத் தனக்கே சிரையில் ரத்தம் உறைந்ததைப் பார்த்து, நோய் இன்னதென்று தானே கண்டுகொண்டார். அவருக்கும் இரைப்பைப் புற்றுதான். பயப்படாதீர்கள், அவர் காலத்தில் அம்மாவுக்குப் போடும் ஊசி இல்லை. அந்த ஊசியின் தாய்ப்பொருளான ஹெப்பாரின் கண்டுபிடிக்கப்பட்டதே 1916இல்தான்.

புற்று பரவுவதை இது தடுக்குமா? நீங்கள் படித்தது ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல. ரத்தம் உறையும்போது உண்டாகும் த்ராம்பின் என்ற புரதம், தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்) போன்றவற்றுக்கு உத்தரவும் போடும். அதை வாங்கும் ஏற்பியை 1991இல் கண்டுபிடித்தார்கள். எலிகளின் ரத்தத்தில் தட்டணுக்களைக் குறைத்தால் புற்று பரவுவதும் குறைகிறது என்பது 1968லேயே தெரியும். தட்டணுக்கள் புற்றுச் செல்லைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டு காப்பாற்றுகின்றன. ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. பிரிட்டனில் 2,202 நுரையீரல் புற்றுநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்குக் கீமோவுடன் இதே வகை ஊசியையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த உறைவு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. ஆகவே ஊசியைப் புற்றுக்கு மருந்தாக நினைக்க வேண்டாம். அம்மா கீமோவைத் தொடர வேண்டுமானால், காலில் உள்ள ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஊசி அதற்குத்தான்.

மாமாவின் மாத்திரை எதுவென்று நீங்கள் எழுதவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபாரின் என்றால், 2003இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் வார்ஃபாரின் சாப்பிட்ட புற்றுநோயாளிகளில் ஆறு மாதத்தில் 17 சதவீதம் பேருக்கு மறுபடி ரத்தம் உறைந்தது; ஊசி போட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். அதன் பிறகு வந்த புதிய மாத்திரைகள் நல்லவை, நானே பலருக்கு எழுதுகிறேன். ஆனால் இரைப்பையில் புற்றுக்கட்டி அப்படியே இருக்கும்போது அவற்றில் சில, அந்த இடத்திலிருந்தே ரத்தம் கசிய வைக்கும். அம்மாவின் மருத்துவர் ஊசியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும். புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஆஸ்பிரினோ பூண்டோ இதற்கு மாற்று ஆகாது. ஆஸ்பிரினை நீங்களாகச் சேர்த்தால் ரத்தக்கசிவுதான் அதிகமாகும்.

சரி, வயிற்றுக் கன்றலுக்கு வருவோம். அம்மாவை நிறுத்தச் சொல்ல வைப்பது அதுதானே. தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரு வேளை இடப்பக்கம், மறுவேளை வலப்பக்கம். இரண்டு விரலால் தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக இறக்குங்கள். வெளியே எடுக்கும் வரை மடிப்பை விடாதீர்கள். சிரிஞ்சில் உள்ள மருந்து முழுவதையும் போடச் சொல்லியிருந்தால், அதற்குள் தெரியும் காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கன்றல் அதிகமாகும். பஞ்சை லேசாக வைத்து எடுத்தால் போதும்.

கீமோவில் தட்டணுக்கள் இறங்கும். எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனால் ஊசியின் அளவை மாற்ற வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு எடுத்துப்போய், ஊசி போடுவதையும் நினைவுபடுத்துங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தார் போலக் கறுப்பாக மலம், ரத்த வாந்தி - இதில் எது வந்தாலும், ராத்திரி என்று பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலேயே படுக்க வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊசி தொடங்கியாகிவிட்டது, மூச்சும் சீராக இருக்கிறது என்றால் அம்மா வீட்டுக்குள் தாராளமாக நடக்கலாம்.