மூன்று தூக்கும் போன பிறகு

ஐயா,

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். மகள் பதினோராம் வகுப்பு, வெயிட் லிஃப்டிங் செய்கிறாள். போன மாதப் போட்டியில் ஜெர்க், அதாவது பளுவைத் தோளில் ஏற்றித் தலைக்கு மேலே தூக்குவது, மூன்று தடவையும் போய்விட்டது. வீடு வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை, அவளும்தான். அதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. எடைப் பிரிவுக்காக ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறாள், இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லையாம், மனைவி இப்போதுதான் சொன்னாள். கோச் 'மனசைக் கல்லாக்கிக்கோ' என்கிறார். மாநிலப் போட்டிக்கு அனுப்புவதா, நிறுத்துவதா?

- ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, மாதவிலக்கு, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். விளையாடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாதபோது உடம்பு அதை நிறுத்திவிடும், எலும்பு பலவீனமாகும், தூக்கம் கெடும், மனசு சோர்ந்துபோகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே இதற்கென்று தனிப்பெயர் வைத்து எச்சரித்தது. வேறு காரணமும் இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இந்த வாரமே அம்மா கூட்டிக்கொண்டு போகட்டும், சிறிது நேரமாவது மகள் பெண் மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும். ஸ்வெட்டர் ஓட்டம் இன்றோடு போதும். அதில் போவது வெறும் தண்ணீர், வேலூர் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. வளர்கிற வயதில் எடை ஏறத்தான் செய்யும், மேல் பிரிவுக்கு மாற்றுவதைப் பற்றிக் கோச்சிடம் நீங்களே பேசுங்கள்.

அப்புறம் அந்த மௌனம். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பேசாமல் வந்திருப்பீர்கள், ஆனால் அப்பாவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். 2014லும் 2018லும் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் உங்களுடையது, பெருமைதான், ஆனால் பார்பெல் தூக்குகிற பிள்ளையைத் தெருவே எத்தனை கிலோ என்று கேட்கிற ஊரில் வீடாவது கேட்காமல் இருக்க வேண்டாமா? 'அன்னைக்கு எனக்குக் கோபமில்லைம்மா, என்ன பேசறதுன்னு தெரியல' என்று இன்று ராத்திரியே சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும், உடனே ஆறுதல் சொல்லி அடக்காதீர்கள்.

மீராபாய் சானுவுக்கும் 2016 ரியோவில் ஜெர்க் மூன்றும் போனது, அதன்பின் மனச்சோர்வில் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் உலக சாம்பியன், 2021இல் டோக்கியோவில் வெள்ளி. இது உங்கள் தைரியத்துக்காக. 'பார், அவர் எழுந்து வரவில்லையா' என்று மகளிடம் நீட்டாதீர்கள், அதுவும் அவளுக்கு ஒரு பாரம்தான்.

கோச் மனசைக் கல்லாக்கிக்கொள்ளச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தூக்கமின்மையும் சோர்வும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், உடனே கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

மாநிலப் போட்டியா? முதலில் மருத்துவர் சரி சொல்லட்டும். சொன்ன பிறகு அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் இந்த வருடம் வேண்டாம், ஏன் என்று துருவாதீர்கள், சொந்தக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். போகிறேன் என்றால் கூடப் போங்கள், எத்தனை கிலோ தூக்கினாலும் வரும் வழியில் அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள்.