வாழத் தகுந்த நகரங்கள் பட்டியலை நம்பிச் சிங்கப்பூருக்கு வரலாமா?

திருச்சியில் இருக்கிறேன், சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, உலகின் வாழத் தகுந்த நகரங்கள் பட்டியலை வைத்து முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைப் பாருங்கள், தப்பில்லை. அது யாருக்காகப் போட்ட கணக்கு என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

செய்திகளில் அதிகம் அடிபடுவது எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல். 173 நகரங்கள். 2022 முதல் 2024 வரை வியன்னா முதலிடம், 2025இல் கோப்பன்ஹேகன். நூற்றுக்கு 25 நிலைத்தன்மைக்கு, அதாவது குற்றம், கலவர பயம் இல்லாமல் இருப்பதற்கு. பண்பாடு, சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவம் 20, உள்கட்டமைப்பு 20, கல்வி 10. வெப்பமும் புழுக்கமும் அந்தப் பண்பாட்டுப் பிரிவுக்குள்ளேயே அடக்கம். ஆக, சிங்கப்பூரில் நாங்கள் வேர்த்துக் கொட்டுவதற்கும் மார்க் குறையும்! கத்திரி வெயிலில் காவிரிப் பாலத்தைக் கடந்தவருக்கு இதெல்லாம் ஒரு குறையா?

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்கு எவ்வளவு சிரமப்படி கொடுக்கலாம் என்று கம்பெனிகள் பார்ப்பதற்கும் இந்த மாதிரிப் பட்டியல்கள் பயன்படுகின்றன. நல்ல வீடு கிடைக்குமா என்று இதில் பார்க்கிறார்கள், என்ன வாடகைக்கு என்று பார்ப்பதில்லை. விலைவாசிக்கு அதே நிறுவனம் தனிப் பட்டியல் போடுகிறது. 2023இல் அதில் சூரிக்குடன் சேர்ந்து முதலிடம் பிடித்தது சிங்கப்பூர்.

உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நீங்கள் எந்த பாஸில், அதாவது எந்த வகை வேலை அனுமதியில், வருகிறீர்கள் என்பதுதான். சாதாரணத் தொழிலாளர்களுக்கான ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலைக்கு வந்தால், நாங்கள் குடியிருக்கும் வீவக (அரசு வீட்டு வாரிய) வீட்டில் நீங்கள் அறை வாடகைக்கு எடுக்க முடியாது. பெரும்பாலும் தங்குவிடுதிதான். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த விதிப்படி, புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. பழைய விடுதிகள் படிப்படியாக மாற 2030, 2040 என்று கெடு கொடுத்திருக்கிறார்கள். நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் அல்லது நிபுணர், மேலாளர்களுக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்றால் அறையோ வீடோ எடுக்கலாம். ஆனால் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறவர்களிடம் எந்தப் பட்டியல்காரரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

அரசாங்கம் தனக்கென்று வைத்திருக்கும் அளவுகோல்கள் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 2030க்குள் எல்லா வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா. 2040க்குள், நடந்தோ சைக்கிளிலோ பேருந்து, ரயிலிலோ போகும் உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் நாமே சோதித்துவிடலாம். நான் குடியிருக்கும் அங் மோ கியோ பேட்டையில் என் புளோக்கிலிருந்து பூங்கா கணக்கு சரியாகவே வருகிறது.

சுற்றுச்சூழல் விஷயத்தில்தான் கொஞ்சம் உதைக்கிறது. தீவின் எல்லைக்குள் மட்டும் அளந்தால் ஊர் பளிச்சென்று இருக்கும். ஆனால் சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி, மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இறக்குமதி எரிவாயுவில் ஓடுகிறது. குப்பையை எரித்த சாம்பல் செமாகாவ் தீவுக்குப் போகிறது. 1999இல் தொடங்கிய அந்தத் தளம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். வீட்டுக் குப்பையில் மறுபயனீட்டுக்குப் போனது 2023இல் வெறும் 12 விழுக்காடு. சமையலறையிலேயே குப்பைக் குழாய் இருக்கும்போது, கீழே நீலத் தொட்டி வரை யார் இறங்கிப் போவது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் ஐபிஏ கடிதத்தை, அதாவது பாஸுக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, கேட்டு வாங்குங்கள். ஒர்க் பெர்மிட் என்றால் அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் அதில் போட்டிருக்கும். தங்கும் இடம் எது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், இடத்தை மட்டும் கீழே எழுதினால் அங்கிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம், கடைகண்ணி எல்லாம் எவ்வளவு தூரம் என்று சொல்கிறேன்.