தில்லை மரத்தில் பொம்மை செதுக்கலாமா?

கேள்வி: கழிமுகத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் நின்ற தில்லை மரம் ஒன்று போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. மரம் மெத்தென்று இருக்கிறது, பொம்மை செதுக்க ஆசை. பால் பட்டால் கண் போய்விடும் என்கிறார்களே?

பதில்: சும்மா பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். தில்லைப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகவாவது பறிபோகலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது.

முதலில் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தில்லை போன்ற அலையாத்திக் காட்டு (கழிமுகச் சதுப்புக் காட்டு) மரங்களுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் பாதுகாப்பு உண்டு. பட்டா நிலம், தானாக விழுந்தது என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

அனுமதி கிடைத்ததா? சரி, பட்டையை உரிக்கும் நாள்தான் ஆபத்தான நாள். கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி மூன்றும் வேண்டும். வியர்வையைப் புறங்கையால் துடைக்கிற பழக்கம்தான் பலரை மாட்டிவிடும். கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான நீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம்.

உரிப்பதைத் தள்ளிப்போடவும் முடியாது. பட்டைக்குள் ஈரம் தங்கினால் வண்டு துளைக்கும், வெளிர் நிறக் கட்டையில் நீலப் பூஞ்சை படரும். உரித்ததும் பலகையாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, இடையில் குச்சி வைத்துக் காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். ஒரு துண்டை வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் உளியை எடுக்க வேண்டும்.

மெத்தென்ற மரம்தானே என்று மழுங்கிய உளியோடு உட்காராதீர்கள். நார் அறுபடாமல் நசுங்கி, பஞ்சு பஞ்சாக எழும்பும். பொம்மையின் மூக்கு நுனியில் அது அப்பட்டமாகத் தெரியும். கூரான உளியால் மெல்லிய சீவலாக எடுங்கள். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். வெயில் மழைக்கு இந்த மரம் தாங்காது, வீட்டுக்குள் வைக்கிற பொருளாகவே செய்யுங்கள். வாயில் வைத்துக் கடிக்கிற குழந்தைக்கு இதில் பொம்மை வேண்டாம் என்பேன்.

அப்புறம், உரித்த பட்டையையும் சீவலையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அந்தப் புகையும் கண்ணை எரிக்கும்.