ராகேல் என்றால் ஆடு. அதற்காகப் பெயரை மாற்றாதீர்கள்

கேள்வி: மகளுக்கு மாமியாரின் பெயரான ராகேல் என்று வைக்க ஆசை. அடுத்த மாதம் ஞானஸ்நானம். ‘ஏல்’ என்று முடிவதால் ‘கடவுளின் அன்பு’ என்று ஒரு இணையதளம் சொல்கிறது. ‘ஆடு’ என்றுதான் அர்த்தம் என்று நாத்தனார் தயங்குகிறார். காசு வாங்கிக்கொண்டு பெயர்ப்பொருள் சான்றிதழ் தருபவர் ஒருவர் ‘ராகேலியா’ என்று மாற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: அர்த்தத்தைப் பொறுத்தவரை நாத்தனார் சொல்வதுதான் சரி. எபிரேயத்தில் ராகேல் என்றால் பெண் செம்மறியாடு. இதில் தயங்க ஒன்றுமே இல்லை. ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தில் ராகேலை நாம் முதலில் பார்ப்பதே, தகப்பனுடைய ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் கிணற்றடிக்கு வரும்போதுதான். ஆடுதான் சொத்து என்று வாழ்ந்தவர்கள் பெண்ணுக்கு வைத்த பெயர் அது. நம் வீடுகளில் அஞ்சுகம், அன்னம், மயில் என்று வைப்பதில்லையா?

‘ஏல்’ விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தானியேல், சாமுவேல், இம்மானுவேல் எல்லாவற்றிலும் கடைசியில் இருப்பது கடவுளைக் குறிக்கும் சொல்தான். எபிரேயத்தில் அதற்கு ஆலெப், லாமெத் என்று இரண்டு எழுத்து. ராகேலில் அந்த ஆலெப் கிடையாது. ரேஷ், ஹெத், லாமெத் என்று மூன்றே எழுத்து. தமிழில் எழுதும்போது இந்த வித்தியாசம் அப்படியே மறைந்துபோகிறது. யாகேலும் இப்படித்தான், அர்த்தம் காட்டாடு. ஆபேலும் இப்படித்தான், பிரசங்கியில் ‘மாயை, மாயை’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ஆபேலின் பெயரேதான். ஆகவே கடைசி அசையை மட்டும் பார்த்து அர்த்தம் சொல்பவரை நம்பாதீர்கள்.

சான்றிதழ்க்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஏசாயா, எரேமியா பெயர்களில் வரும் ‘யா’ கர்த்தருடைய பெயர்தான். அதற்காக அதைக் கண்ட பெயரோடு ஒட்டினால் எபிரேயப் பெயர் ஆகிவிடாது; ராகேலியா வேதத்தில் எங்கும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் வேதத்தில் உள்ள பெயரெல்லாம் எபிரேயம் என்றே சொல்லி விற்கிறார்கள். பிலிப்பு கிரேக்கப் பெயர், மார்த்தாள் அரமேயப் பெயர். பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அர்த்தத்தைவிட எனக்குக் கவலை எழுத்துக்கூட்டல்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ராகேல், பிறப்புச் சான்றிதழில் ரேச்சல், பள்ளியில் ராக்கேல் என்று ஆகிவிடும். மூன்றும் ஒரே பெயர் என்று எந்த அலுவலகமும் ஒப்புக்கொள்வதில்லை; அரசிதழ் வரை அலையவிடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் புழங்கும் பெயர்களுக்கு இந்த அலைச்சல் அநியாயம். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு முன் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதி, ஆயரிடமும் பதிவாளர் அலுவலகத்திலும் அதையே கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.