முதல் வேலையை விடலாமா? இளம் அறுவை மருத்துவருக்கு ஒரு பதில்

கேள்வி: பொது அறுவை சிகிச்சையில் பட்டமேற்படிப்பு முடித்து, ஒன்றரை ஆண்டாக ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். நினைத்த அளவு ஆபரேஷன் கிடைக்கவில்லை. உடன் படித்தவர்கள் சிலர் அதற்குள் வேலை மாறிவிட்டார்கள். நானும் மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் இங்கே எது சரியில்லை என்று கண்டுபிடித்த பிறகு மாறுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இடத்திலும் இதே சிக்கல்தான்.

வேலையை விடும் இளம் சர்ஜன்கள் வெளியே சொல்லும் காரணம் சம்பளமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் பல நேரம் ஆபரேஷன் தியேட்டர் நேரம்தான் இருக்கும். தொடக்கத்தில் நிலையான சம்பளம், சில காலம் கழித்துச் செய்யும் கேஸ்களுக்கு ஏற்ற வருமானம் என்று ஒப்பந்தம் போடும் இடங்கள் உண்டு. அங்கே தியேட்டர் நாட்களைச் சீனியர்கள் முன்பே பிரித்துக்கொண்டிருந்தால், கணக்கு மாறும் மாதமே வருமானம் சரியும். அதைவிடப் பெரிய நஷ்டம், பயிற்சியில் தேறிய கை பழக்கம் விட்டுப்போவது.

ஆகவே மூன்று மாதம் ஒரு குறிப்பேடு வையுங்கள். நீங்கள் பார்த்த நோயாளிகளில் அறுவை தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் தியேட்டர் வரை வந்தவர்கள் யார், நீங்கள் செய்தீர்களா அல்லது உதவிக்கு நின்றீர்களா, தள்ளிப்போனால் ஏன்? இவ்வளவு போதும். நோயாளிகளே வரவில்லை என்றால், அனுப்பும் மருத்துவர்களுக்கு உங்களைத் தெரியவில்லை. அவர்களை நேரில் போய்ப் பார்த்தால் சரியாகும். நோயாளிகள் வந்தும் தேதி கிடைக்கவில்லை என்றால், தட்டுப்பாடு தியேட்டரிலோ மயக்க மருந்து நிபுணரிடமோ இருக்கிறது. குறிப்பேட்டைக் காட்டி, உங்கள் பெயரில் வாரம் ஒரு முழு நாள் கேளுங்கள். தேதி கிடைத்தும் கத்தி சீனியர் கையிலேயே இருந்தால், வெளிப்படையாகப் பேசிப் பாருங்கள். ஆறு மாதத்தில் அசைவில்லை என்றால் அது மாறாது. கிளம்புங்கள்.

இரவு அழைப்பும், அதாவது அவசரம் என்றால் இரவில் கூப்பிட்டதும் வர வேண்டிய முறைப்பணியும், பலரை விரட்டுகிறது. நான்கு பேர் இருக்கும் துறையில் நான்கு நாளுக்கு ஓர் இரவு. ஒருவர் விலகினால் மூன்றுக்கு ஒன்று, இன்னொருவரும் போனால் ஒன்று விட்டு ஒரு நாள். ஒருவர் கிளம்பிய துறையில் மற்றவர்களும் அடுத்தடுத்துக் கிளம்புவது இதனால்தான்.

சம்பளத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, சிக்கல் வரும்போது கூட நிற்க ஆள். வெட்டி இணைத்த குடலில் கசிவு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் வெளிப்படும். திங்கள்கிழமை செய்த இணைப்பு கசிந்தால், அது சனி, ஞாயிறில் தெரியவரலாம். அந்த இரவில் இரண்டாவது சர்ஜன், ஐ.சி.யூ. படுக்கை, ரத்தம் மூன்றும் கிடைக்காத இடத்தில் பெருங்குடல் அறுவை செய்யச் சொல்வது உங்களுக்கும் நோயாளிக்கும் இழைக்கும் அநியாயம்.

புதிய இடத்தில், நோயாளிகளின் பெயர் நீக்கிய கடந்த மாதத் தியேட்டர் பட்டியலைக் கேளுங்கள். உங்களுக்கு முன் அந்த வேலையில் இருந்தவரிடமும் பேசுங்கள். அவரோடு பேச விடத் தயங்கினால் யோசியுங்கள். தியேட்டர் நாள், இரவு அழைப்பின் எண்ணிக்கை, கருவிகள் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரட்டும். வாய்வார்த்தை தந்தவர் நாளை பதவியில் இல்லாமல் போகலாம்.

விலகும்போது, நோயாளிகள் வழக்குப் போட்டால் உதவும் தொழில் காப்பீட்டைப் பாருங்கள். வழக்கு வரும் நாளில் நடப்பில் இருந்தால் மட்டுமே பணம் தரும் பாலிசி என்றால், பழைய அறுவைகளுக்கான நீட்டிப்புக் காப்பீட்டை யார் கட்டுவது என்பதை எழுதி வாங்குங்கள். கடைசி 30 நாட்களில், தள்ளிப்போடக்கூடிய பெரிய அறுவைகளை ஏற்க வேண்டாம்; காயத் தொற்று தலைகாட்டும் காலம் அது. டிரெயின் (திரவம் வடியும் குழாய்) இருப்பவர்கள், ஸ்டோமா (வயிற்றில் திறந்து வைத்த குடல் வாய்) மூடக் காத்திருப்பவர்கள், பயாப்சி முடிவு வராதவர்கள் எல்லோரையும் பட்டியலிட்டு, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்கி, நோயாளிகளிடமும் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.