கழுத்துவலிக்குத் தீர்வு தேடும் மகளும் இருபது லட்ச ரூபாய்க் கடனும்

மதிப்பிற்குரிய ஐயா,

அருப்புக்கோட்டையிலிருந்து தாங்கள் எழுதிய நீண்ட கடிதத்தை இருமுறை படித்தேன். உயிரியலும் கணிதமும் கொண்ட பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும் தங்கள் மகள், நாள் முழுவதும் மேசை முன் அமர்ந்து வேலை செய்வோரின் கழுத்து, முதுகு, மணிக்கட்டு வலிகளுக்கு வழி காணும் ஒரு நிறுவனத்தைத் தொடங்க வேண்டும் என்கிறாள். தங்கள் அண்ணனோ, முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சென்னைக்கு அருகில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் பேசி வைத்திருக்கிறார். விடுதிச் செலவோடு நான்காண்டுகளுக்கு இருபது லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினேழு வயதுப் பெண் ஒரு குறிப்பிட்ட பிரச்சினையைத் தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்வது பெற்றோர் அஞ்சவேண்டிய செய்தி அல்ல. அஞ்சவேண்டியது அந்தக் கடனைப் பற்றித்தான். அதை வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து.

கணக்கை நேராகவே போட்டுப் பார்ப்போம். இருபது லட்ச ரூபாயைப் பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ இருபத்தேழாயிரம் ரூபாய் ஆகும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதற்கு மேல் தனி. படிப்பை முடித்து வெளியே வரும் மகள், முதல் மாதத்திலிருந்தே இருபத்தேழாயிரம் ரூபாயை எடுத்து வைத்தாக வேண்டும் என்ற நிலையில் எந்த நிறுவனத்தைத் தொடங்குவாள்? கிடைத்த வேலையில் சேர்ந்து, அதே மேசை முன் அதே கழுத்துவலியோடு அமர்வாள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தங்கள் அண்ணன் சொல்லும் அந்தப் பிற்காலத்தை இந்தக் கடன் முன்கூட்டியே தின்றுவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அரசுக் கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் கிடைத்து, பிள்ளைக்கும் அதில் நாட்டம் இருந்தால் மகிழ்ச்சியோடு சேருங்கள் என்றுதான் சொல்வேன். தங்கள் கடிதத்தில் அந்த நாட்டத்திற்கான அடையாளம் ஓரிடத்தில்கூட இல்லை.

வேறொரு நாட்டத்திற்கான அடையாளம் இருக்கிறது. தாங்கள் அதைக் குறையாக எழுதியிருப்பதால் முக்கியத்துவம் தங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் தாய்க்குக் கழுத்துவலி வந்தபோது, மகள் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிட்டு இரண்டு நாள் அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவள் அங்கே என்ன செய்தாள் என்பதைத் தங்கள் சொற்களிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். முப்பது அங்குல உயர மேசை ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அதிகம் என்று கண்டு, நாற்காலியில் மெத்தை வைத்து உயர்த்தியிருக்கிறாள். உயர்த்தியதும் தாயின் கால்கள் தரையில் படாமல் தொங்குவதைப் பார்த்து, பழைய பழப்பெட்டியைக் கவிழ்த்துக் காலடியில் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகும் வலி குறையவில்லை. கைப்பட எழுதிய வரைவு இடப்பக்கம் மேசையில் படுத்துக்கிடப்பதையும், அதைப் படிக்கத் தாய் ஒவ்வொரு வரிக்கும் கழுத்தைக் கீழேயும் இடப்புறமும் திருப்புவதையும் மறுநாள்தான் கவனித்து, அட்டை ஒன்றைச் சாய்வாக நிறுத்தி வரைவைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறாள். ஐயா, ஒரு வேலையைச் செய்பவரின் உடலையும், செய்யும் பொருளையும், செய்யும் இடத்தையும் சேர்த்து வைத்துப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் இந்த முறைக்கென்றே நம் நாட்டில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதன் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. தங்கள் உறவினர் எவரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிசியோதெரபியைப் பற்றித் தாங்களே அறிவீர்கள், அது தங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்ட படிப்பு என்பதால் அதைக் கடந்து செல்கிறேன். பயோமெடிக்கல் பொறியியலும் அப்படியே. ஆக்குபேஷனல் தெரபி நமக்குப் புதிதாகத் தோன்றினாலும் இங்கே அது புதிய துறை அல்ல. கமலா நிம்ப்கர் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கிய பள்ளிதான் ஆசியாவிலேயே இத்துறைக்கான முதல் பள்ளி. 1952இல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவப் பணியைத் தொடர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் வளர்த்தெடுத்த மறுவாழ்வு மருத்துவ மரபு இருக்கிறது. அங்கும் இப்படிப்பு உண்டு. கட்டாக் அருகே ஓலட்பூரிலும், கொல்கத்தாவிலும், டெல்லியிலும் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் பொது நுழைவுத் தேர்வு நடத்தி மாணவர்களைச் சேர்த்துவந்தன. தமிழ்நாட்டில் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்விலும் இது இடம்பெறுகிறது. 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் இத்துறையை முறைப்படுத்தத் தொடங்கியபின் பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிவருகின்றன. எனவே சென்ற ஆண்டு சேர்ந்த பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம்பாமல், சேரும் ஆண்டின் அறிவிப்பையே எடுத்துப் பாருங்கள்.

உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து நாலரை முதல் ஐந்தாண்டு ஆகும் இப்படிப்பில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தங்கள் மகள் தொடங்க விரும்பும் நிறுவனம் அந்தப் பாடங்களில்தான் இருக்கிறது. முதலில் உடற்கூறும் உடலியங்கியலும். அதன்பின் மூட்டும் தசையும் அசையும் விதத்தை விளக்கும் இயக்கவியல். எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரம் மணிக்கட்டு வளைந்திருந்தால் நரம்பு அழுந்துகிறது, தோள் தூக்கியபடியே இருந்தால் எந்தத் தசை ஓய்வின்றி இறுகுகிறது என்பதெல்லாம் அங்கே வரும். கைக்குத் தாங்கலாக அணியும் சிம்புகளைச் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கொண்டு நோயாளியின் கையிலேயே வைத்து வடிவமைக்கக் கற்றுக்கொடுப்பார்கள்; பெட்டியைக் கவிழ்த்துக் காலடிப் பலகை செய்த பெண்ணுக்கு இந்தப் பாடம் பிடிக்கும் என்று நம்புகிறேன். ஒரு செயலை அதன் கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறில் உடல் தடுமாறுகிறது என்று கண்டு, செயலையோ கருவியையோ சூழலையோ மாற்றுவதே இத்துறையின் அடிப்படைப் பயிற்சி. பக்கவாதம் வந்தவர் மீண்டும் சட்டைப் பொத்தான் போடப் பழகுவதும், கணினிப் பணியாளர் வலியின்றி எட்டு மணி நேரத்தைக் கடப்பதும் அந்தப் பயிற்சிக்கு ஒரே வகைக் கேள்விகள். பட்டம் முடித்தபின் வடிவமைப்பில் முதுநிலை படிக்க விரும்பினால், அதற்கான பொது நுழைவுத் தேர்வை மூன்றாண்டுக்குக் குறையாத பட்டம் பெற்றவர்கள் எழுதலாம். மும்பை, குவாஹாத்தி ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புத் துறைகளில், வேலையையும் கருவியையும் உடலுக்குப் பொருத்தும் பணிச்சூழலியல் கற்பிக்கப்படுகிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. இருந்தும் நம் அலுவலகங்களில் ஐந்தடிப் பெண்ணும் ஆறடி ஆணும் ஒரே உயர மேசையில்தான் அமர்கிறார்கள். அந்த இடைவெளியில் செய்வதற்கு நிறைய வேலை கிடக்கிறது.

இனி நிறுவனத்தைப் பற்றி. முதுகு வளைந்தால் அதிரும் சிறு கருவி ஒன்றையும், அதோடு பேசும் செயலி ஒன்றையும் செய்யப்போவதாக மகள் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். அதற்காகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்பது தங்கள் அண்ணனின் வாதம். இந்த எண்ணம் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் முயன்று பார்க்கப்பட்டதுதான். லூமோ என்ற அமெரிக்க நிறுவனம் 2012 அளவிலேயே அத்தகைய கருவியைக் கொண்டுவந்தது, நிலைக்கவில்லை. இஸ்ரேலில் தோன்றிய அப்ரைட் நிறுவனத்தை 2021இல் டாரியோஹெல்த் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. கருவி வேலை செய்யவில்லை என்பதல்ல சிக்கல். நேராக உட்கார் என்று நாள் முழுவதும் நினைவூட்டுவதால் மட்டும் வலி தீர்வதில்லை. சரியான அமர்வு என்று ஒன்றே ஒன்று கிடையாது, ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் பெருந்தொல்லை என்பதையே இத்துறையினர் இன்று வலியுறுத்துகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்புகளில் இரண்டை மகளைப் படிக்கச் சொல்லுங்கள். நின்றும் அமர்ந்தும் வேலை செய்யத்தக்க மேசைகள், வேலை நேரத்தில் அமர்ந்திருப்பதை நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரை குறைத்தாலும், அதனால் விளையும் உடல்நலப் பயனுக்கு வலுவான சான்று இன்னும் இல்லை என்கிறது ஒன்று. முன்கைக்குத் தாங்கலும் மாற்று மவுஸும் சேர்ந்தால் கழுத்து, தோள் பாதிப்பு குறைய வாய்ப்பு உண்டு, வெறும் பயிற்சி வகுப்புகளின் பயன் உறுதிப்படவில்லை என்கிறது மற்றொன்று. எதை விற்கக்கூடாது என்று இவை சொல்கின்றன. பத்திர வரைவு இடப்பக்கம் கிடந்ததை முதுகில் ஒட்டிய எந்த உணர்கருவியும் சொல்லியிருக்காது.

யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்வியை அவள் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. 2014இல் தொடங்கி 2025 மே மாதத்தில் நியூயார்க் பங்குச்சந்தையில் இடம்பெற்ற ஹிஞ்ச் ஹெல்த் என்ற அமெரிக்க நிறுவனம், மூட்டு-தசை வலிக்கு இணையவழிச் சிகிச்சை தருகிறது. அங்கே பணியாளரின் மருத்துவச் செலவை முதலாளியே பெருமளவு சுமப்பதால் முதலாளியே அதன் வாடிக்கையாளர். நம் நாட்டில் நிறுவனங்கள் எடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், கழுத்துவலிக்குத் தராது. ஆகவே இங்கே முதலில் விற்கவேண்டியது ஒவ்வொரு மேசையாகச் சென்று பார்த்து, அளந்து, மாற்றிக்கொடுக்கும் சேவை. அதற்குப் பெருமுதல் வேண்டாம்; அளவுநாடாவும், படிப்பும், பொறுமையும் போதும். நூறு அலுவலகங்களைப் பார்த்தபின் எந்தப் பொருள் உண்மையில் தேவை என்று அவளுக்கே தெரிந்துவிடும், செயலி எழுதத் தெரிந்த ஒருவரை அப்போது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம். உடலைப் படித்தவர் நிரல் எழுதுபவரைத் தேடிக்கொள்வது எளிது. நிரல் எழுதுபவர் உடலைப் பின்னால் படித்துக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

வலி மேசையோடு நின்றுவிடுவதும் இல்லை. நாள் முழுவதும் நின்றே விற்கும் துணிக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. எந்த உயர இருக்கை, எந்த இடத்தில், வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் அதில் எப்படி அமர்வது என்பதை முறையாகப் பார்த்துச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? மேசைப் பணியாளரோடு தொடங்கும் ஒருவருக்கு அந்தக் கடைவீதியும் பணிக்களமே.

இப்படி வளர்ந்த நிறுவனத்தைப் பார்க்க வேண்டுமானால் சென்னையிலேயே பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து நியோமோஷன் என்ற நிறுவனம் தோன்றியது. பயன்படுத்துவோரின் உடலளவுக்கேற்ப அமைத்துத் தரும் சக்கர நாற்காலியை 2021இல் அது அறிமுகப்படுத்தியது. பலருக்கும் ஒரே அளவாகத் தரப்பட்ட ஒரு பொருளை ஒவ்வொரு உடலுக்கும் பொருந்தச் செய்த முயற்சி அது. தங்கள் மகளின் எண்ணத்தோடு நெருங்கிய உறவுடைய அந்தப் பணி, பொறியாளர்களும் மறுவாழ்வுத் துறையினரும் நாற்காலியைப் பயன்படுத்துவோரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்றது.

இப்படிப்பின் கடினங்களையும் சொல்லவேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. மருத்துவர்களிலேயே பலர் இத்துறையைச் சரிவர அறியாதவர்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களுக்கோ வெளிநாட்டிற்கோ செல்கிறார்கள், பணியிட நலத்திற்கு வருவோர் மிகச் சிலர். கல்லூரிகளும் குறைவு, ஆகவே மருத்துவமனையோடு இணையாத கல்லூரி எவ்வளவு அழகான கட்டடத்தில் இருந்தாலும் சேர்க்காதீர்கள். இதற்கும் நிர்வாக ஒதுக்கீடு என்று பெருந்தொகை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கலந்தாய்விலோ தேசிய நிறுவனச் சேர்க்கையிலோ கிடைக்காவிட்டால் ஓராண்டு காத்திருந்து மீண்டும் முயல்வது, அடமானம் வைத்துச் சேர்வதைவிட நல்லது. நிறுவனத்திற்கும் இதே விதிதான். தங்கள் வருங்கால வைப்பு நிதியும் அவள் தாயின் நகையும் ஒருபோதும் அதன் முதலீடாகக் கூடாது. தொடக்க நிலை முயற்சிகளுக்கு உதவத் தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மத்திய அரசின் தொடக்கநிதித் திட்டத்தில், முன்மாதிரியைச் செய்துபார்க்கத் தொழில் வளர்ப்பகங்கள் (இன்குபேட்டர்கள்) வழியே இருபது லட்சம் வரை மானியம் பெற வழி செய்யப்பட்டது. அவள் படித்து முடிக்கும்போது இத்திட்டங்களின் வடிவம் மாறியிருக்கலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கவேண்டும் என்பது மட்டும் மாறாது.

தங்கள் அண்ணனிடம் மரியாதையாக, ஆனால் மகளின் முன்னிலையிலேயே பேசுங்கள். பெரியப்பாவின் அக்கறையை அவளும் புரிந்துகொள்ள வேண்டும். தன் சார்பில் தகப்பன் பேசுவதையும் அவள் கேட்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் எதுவும் இப்போது கட்டாதீர்கள். மதுரையிலோ வேலூரிலோ ஆக்குபேஷனல் தெரபி பிரிவுள்ள ஒரு மருத்துவமனையில் முன்கூட்டி அனுமதி கேட்டு, மகளை அரை நாள் அங்கே இருக்க விடுங்கள். தாங்கள் வெளியே காத்திருந்தால் போதும். நோயாளிகளோடு இருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை என்றால் மறைக்காமல் சொல்லச் சொல்லி எனக்கு எழுதுங்கள், வடிவமைப்புப் பட்டப்படிப்புகளைப் பற்றி அப்போது பேசலாம். ஒத்துவந்தால், தேசிய நிறுவனங்களின் விண்ணப்ப நாளையும் மாநிலக் கலந்தாய்வின் விண்ணப்ப நாளையும் அன்று மாலையே குறித்துக்கொண்டு இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.