சிறிய வீட்டு ஒப்பந்ததாரர் மற்றவர்களிடமிருந்து தனித்துத் தெரிவது எப்படி?

திண்டுக்கல் பக்கத்தில் மூன்று ஆண்டுகளாகச் சொந்தமாக வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி இதைக் கேட்டிருக்கிறார். அவருடைய ஊரில் ஏழெட்டுப் பேர் இதே தொழிலில் இருக்கிறார்கள். சதுர அடிக்கு 40, 50 ரூபாய் வித்தியாசத்தில் வேலை அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. ரேட்டைக் குறைக்காமல் தாக்குப்பிடிக்க வழி உண்டா என்று கேட்கிறார்.

நான் கோவில்பட்டி வட்டாரத்தில் 19 ஆண்டுகளாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். அப்பா கொத்தனார், அவரிடம்தான் கரண்டி பிடிக்கக் கற்றேன். பெரிய நிறுவனம் நடத்தும் அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் தம்பி இருக்கும் இடத்தில் ஐந்தாறு ஆண்டுகள் நானும் இருந்தேன். அதனால் இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம்.

ரேட்டை மட்டும் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் மேல் நாம் வருத்தப்படுகிறோம். அவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்? நம் வேலையின் உயிரான பகுதிகள் எல்லாமே கண்ணுக்கு மறைந்துபோகின்றன. அஸ்திவாரத்தை மண் மூடுகிறது, கம்பியைக் காங்கிரீட் மூடுகிறது. குழாயும் ஒயரும் பூச்சுக்குள் போகின்றன, குளியலறை நீர்க்காப்பு டைல்ஸுக்கு அடியில் போகிறது. வேலை முடிந்த பிறகு என் வீடும் அடுத்தவர் வீடும் பெயிண்ட் அடித்து ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டுகிறவருக்குப் புரிகிற ஒரே எண் சதுர அடி ரேட்தான். ஆகவே நாம் செய்ய வேண்டியது, மூடிப்போகும் வேலையை மூடுவதற்கு முன்னால் அவர் கண்ணுக்குக் காட்டுவது. என் தொழில் மாறியது அங்கேதான்.

இதை நான் புத்தியால் கண்டுபிடிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கிய நான்காவது ஆண்டில் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு வீடு கட்டினேன். கிரகப்பிரவேசம் முடிந்து எட்டு மாதத்தில் மாடிக் குளியலறைக்குக் கீழே இருந்த படுக்கையறைக் கூரையில் ஈரம் கசிந்தது. குழாய்கள் போக வசதியாகத் தாழ்த்திப் போட்ட குளியலறைப் பள்ளத் தளத்தில் நீர்க்காப்புப் பூச்சு பூசியிருந்தோம். ஆனால் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல், மறுநாளே செங்கல் சல்லியைக் கொட்டி நிரப்பிவிட்டோம். டைல்ஸ்காரர் இரண்டு நாளில் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார், நான் சரி என்றேன். தவறு முழுக்க என்னுடையது. டைல்ஸையும் சல்லியையும் உடைத்து அள்ளிப் பார்த்தால், கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றி விரல்நகம் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த வீட்டில் எனக்கு நின்ற லாபத்தில் பாதி அந்தக் குளியலறைக்கே போனது.

திரும்பச் செய்தபோது நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும் கழிவுக் குழாயின் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அந்த ஆசிரியரையே காலையும் மாலையும் வந்து கோட்டைப் பார்க்கச் சொன்னேன். கீழ் அறையின் கூரையையும் அவரே தொட்டுப் பார்த்தார். இரண்டாம் நாள் மாலை தன் மைத்துனரை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மைத்துனர் அடுத்த தெருவில் மனை வாங்கி வைத்திருந்தார். அவர் என்னிடம் ரேட் கேட்டபோது, நான் சொன்னது மற்ற இருவர் சொன்னதைவிட அதிகம். "அந்தத் தண்ணி நிறுத்துறது இதுல உண்டா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். வேலை எனக்குக் கிடைத்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும், ஒன்றை மூடுவதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரரை வரவழைக்கிறேன். அதில் முக்கியமானது தளம் போடுவதற்கு முந்தைய மாலை. கம்பிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை, வைத்திருக்கிறதா என்று அவரைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25, தூணுக்கு 40. இந்த இடைவெளி இல்லாமல் கம்பி பலகையில் படிந்து கிடந்தால், சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் கூரையில் காரை பெயர்ந்து விழும் என்று சொன்னால் எவருக்கும் புரிகிறது. ஏனென்றால் அப்படி விழுந்த கூரை ஒன்றை அவர் எங்கேயாவது பார்த்திருப்பார். கம்பி எடைக்கு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுப்பேன்: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 8 மில்லிமீட்டர் 0.395 கிலோ. கடைச் சீட்டையும் இதையும் வைத்து அவரே சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வதாகும் என்று என் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். சரியாகச் செய்கிறவனுக்கு அதில் என்ன பயம்?

சுவருக்குள் போகும் குழாயையும் ஒயர் பைப்பையும் பூசுவதற்கு முன் டேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுக்கிறேன். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்பது படத்திலேயே தெரியும். சாவி கொடுக்கும் நாளில் அத்தனை படங்களும் அவர் கைக்குப் போகும். ஆறு ஆண்டு கழித்து வாட்டர் ஹீட்டர் மாட்டத் துளை போடும்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்த்ததாக ஓர் அம்மா போன் செய்து சொன்னார்கள். அன்று முழுக்க எனக்கு மனம் நிறைந்திருந்தது.

காங்கிரீட் போடும் அன்றே அதே கலவையை 150 மில்லிமீட்டர் அச்சில் கியூப், அதாவது கனசதுரக் கட்டி, ஆக எடுத்து, 28 நாள் கழித்து ஏதாவது பொறியியல் கல்லூரியில் சோதித்து வாங்கலாம். எம்20 கலவை என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பெரிய வேலைகளில் இது வழக்கம். சின்ன வீட்டுக்குச் செய்கிறவர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. தண்ணீர் ஆற்றுவதையும், அதாவது போட்ட காங்கிரீட்டை நாள்தோறும் ஈரமாக வைப்பதையும், எழுத்தில் வைக்கிறேன். நாம் பெரும்பாலும் வாங்குவது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் 14 நாள் என்பது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 456 இன் கணக்கு. கோவில்பட்டியில் மே மாதம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாமல் தளத்தை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கொட்டேஷன். ஒற்றை வரியில் சதுர அடி ரேட் எழுதிக் கொடுக்கும்வரை ரேட்டில்தான் போட்டி. நான் நான்கு பக்கம் எழுதுகிறேன், அதில் ஒரு பக்கம் முழுக்க 'இதில் சேராதவை'. காம்பவுண்ட் சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்புக் கட்டணம், போர்ட்டிகோவைப் பாதி அளவாகக் கணக்கிடுகிறோமா முழுதாகவா, மாடிப்படி அறை சேருமா, தட்டோடு பதிப்பது யார் செலவு என்று ஒன்றையும் விடாமல் எழுதிவிடுவேன். ஒயர் என்றால் கம்பெனிப் பெயரோடு அளவும் இருக்கும்: பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், ஏசிக்கு 4. 1,000 சதுர அடி வீட்டில் 50 ரூபாய் குறைவு என்றால் 50,000 ரூபாய். அது எந்த வரியிலிருந்து போனது என்று இந்தத் தாளை வைத்து மற்றவரிடம் கேளுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். வரியும் அப்படித்தான்: தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் ஜிஎஸ்டி கிடையாது, ஜிஎஸ்டி பதிவுள்ளவர் பொருளோடு எடுத்தால் 18 சதவீதம். பின்னால் சண்டை வருவதைவிட முன்னால் எழுதுவது நல்லது.

இதனால் எல்லா வேலையும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர் கரிசல். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். ஒருவருக்கு மனையில் குழி தோண்டிப் பார்த்தபோது, கரிசல் முடியும் ஆழம் எதிர்பார்த்ததைவிட அதிகம். சாதாரண அஸ்திவாரம் போதாது, அடியில் குமிழ் விட்ட பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் காங்கிரீட் தூண், போட்டு மேலே பீம் ஓட்ட வேண்டும், செலவு கூடும் என்றேன். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. அவர் யோசித்துவிட்டு, ஐந்தடி அஸ்திவாரம் போதும் என்று சொன்ன வேறொருவரிடம் போனார். குழி தோண்டிய கூலிகூட எனக்கு வரவில்லை. அது நட்டம்தான். இருந்தாலும் அடுத்த மனையிலும் குழி தோண்டிப் பார்த்துத்தான் விலை சொன்னேன்.

பணத்தைப் பற்றி ஒன்று, இதை மனம் நொந்து எழுதுகிறேன். ஒரு வீட்டு அட்வான்ஸை எடுத்து இன்னொரு வீட்டின் சென்ட்ரிங்குக்கு, அதாவது காங்கிரீட்டைத் தாங்கும் பலகை முட்டுக்கு, கொடுப்பது நம் தொழிலைப் பிடித்த நோய். நல்ல கைத்திறன் உள்ள எத்தனையோ பேர் இதில் மாட்டி, ஐந்து வீட்டை அரைகுறையாக நிறுத்திவிட்டுப் போனை அணைத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நோட்டு, தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவணைத் தொகைகளைச் சிறிதாக்கி, முடிந்த வேலைக்கு ஏற்ப வாங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் நான் எடுப்பதில்லை, மூன்றாவதாக வருகிறவரிடம் எந்த மாதம் தொடங்க முடியும் என்று சொல்லிவிடுவேன். காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

ஆட்களும் நம் அடையாளம்தான். என்னிடம் உள்ள இரண்டு கொத்தனார்கள் 14 ஆண்டாக என்னோடு இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு வேலை பாதியில் வாரா வாரம் புது முகம் வந்தால் கலக்கம் வருகிறது. சனிக்கிழமைச் சம்பளத்தை நான் ஒருபோதும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியதில்லை. 1994 இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கொத்தனார், சித்தாள் எல்லோரையும் பதிவுசெய்து கொடுத்தேன். 18 முதல் 60 வயதுவரை பதியலாம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, விபத்துக்கும் நிதி உண்டு. ஒரு சித்தாளின் மகள் கல்லூரிக்குப் போனபோது அந்தப் பணம் கைக்கு வந்தது. அவர்கள் என்னை விட்டுப் போகாததற்குக் கூலி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

விசிட்டிங் கார்டும் மனை முன்னால் வைக்கும் பலகையும் தேவைதான், ஆனால் அவற்றால் எனக்குக் கிடைத்த வேலை ஒன்றோ இரண்டோ. அதைவிட ஐப்பசி மழை எனக்கு அதிக வேலை தந்திருக்கிறது. வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழை பெய்த மறுநாள், அந்த ஆண்டு முடித்த வீடுகளுக்கு நானே போகிறேன். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஜன்னல் மேல் சன்ஷேடில் ஈரம் இறங்குகிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். சின்னக் கோளாறு என்றால் அந்த வாரமே ஆள் அனுப்புவேன். கூப்பிடாமல் வந்த காண்டிராக்டரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

தம்பி, இத்தனையையும் ஒரே வீட்டில் தொடங்க முடியாது. இப்போது கையில் உள்ள வேலையில் தளம் போடும் தேதி எப்போது என்று பாருங்கள். முந்தைய நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள். வரும்போது ஒரு டேப்பும் கொண்டுவரச் சொல்லுங்கள்.